ராதா நகர் கேட்டில் நின்ற கார்

— அவசரம் வாணாம் டீச்சர். வண்டி நின்னுச்சே, அந்த நேரம் வைப்பரு ஓடிக்கினு இருந்துச்சா, நின்னுச்சா?

— வைப்பரா? தண்டவாளத்து மேல நிக்கறேன் ஜெயவேலு. பொண்ணு பக்கத்துல உட்கார்ந்திருக்கா. நான் எங்க வைப்பரைப் பார்த்தேன்?

— பாத்திருப்பீங்க. மழ பேஞ்சுதுன்னு நீங்கதான சொன்னீங்க. கண்ண மூடி நெனச்சுப் பாருங்க. கண்ணாடி மேல அது எங்க கீது?

— நடுவுல. நிமிர்ந்தபடியே நின்னுடுச்சு. அதுக்கு அந்தப் பக்கம் எலெக்ட்ரிக் ட்ரெயின் விளக்கு மங்கலாத் தெரிஞ்சுது. ஆமா, நடுவுலதான்.

— அப்பிடிச் சொல்லுங்க. இத சர்வீசுல கம்பெனிக்காரன் கேட்டானா?

— மூணு தடவை வண்டிய விட்டோம். மூணு தடவையும் ரெண்டு நாள் வச்சிருந்து, குறை ஏதும் இல்லைன்னு எழுதி சீல் போட்டுக் குடுத்தாங்க. என்கிட்ட யாரும் எதுவும் கேக்கல. எங்க வீட்டுக்காரர்தான் போய்ட்டு வந்தார்.

— சார் ஓட்டறப்ப?

— ஒரு தடவைகூட நின்னதில்ல. கம்பெனியும் ஒண்ணுமில்லைங்குது, அவருக்கும் ஒண்ணுமில்ல. அப்போ குறை என்கிட்டதானேங்கறார். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு டாக்டர் வேதசிரோமணிகிட்ட டோக்கன் போட்டு வச்சிருக்கார். நரம்புக்குப் பாக்கற டாக்டர். லைசென்ஸயும் வாங்கி பீரோவுல வச்சிட்டார். நானும் சரின்னுட்டேன்.

— நீங்களா சரின்னீங்க? ஸ்கூல்ல நீங்க வர்ற சத்தம் கேட்டாலே பசங்க பேண்டுக்குள்ள சட்டைய சொருவிக்கும்னு எம் பொண்ணு சொல்லுவா.

— அந்த டீச்சர் இப்போ இல்ல. கண்ண மூடினா ரயில்வே கேட் மணி கேக்குது. ஒருவேளை பயத்துல நானே ஆஃப் பண்ணிட்டேனோ, நானே கால மாத்தி வச்சேனோன்னு தோணுது. அந்த டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி ஒரு மெக்கானிக்கிட்டயாவது கேட்டுடலாம்னுதான் வந்தேன். இங்க வந்தது அவருக்குத் தெரியாது.

— நல்லா கேட்டீங்க. உக்காருங்க, அந்த ஸ்டூல்ல கிரீஸ் கீது, இதுல உக்காருங்க. இப்ப கேளுங்க. வண்டி நிக்கறதுல ரெண்டு தினுசு. பெட்ரோல் வராம நிக்கறது, கரண்ட் வராம நிக்கறது. பெட்ரோல் வரலேன்னா இருமும், இழுக்கும், குலுங்கும், அப்பால நிக்கும். உங்குளுது?

— இருமவே இல்ல. பேசிட்டிருக்கறவங்க வாயைப் பொத்தின மாதிரி நின்னுச்சு.

— சரி. ஸ்டீரிங்குக்குப் பின்னால சேப்பு லைட்டு ரெண்டு கீதே, ஆயிலுக்கு ஒண்ணு, பேட்டரிக்கு ஒண்ணு. அது எரிஞ்சுதா?

— சாவி போட்டதும் எரியுமே, அதுதானே? எரியல.

— யோசிச்சு சொல்லுங்க.

— எரியல ஜெயவேலு. சாவிய ரெண்டு கையாலயும் பிடிச்சுத் திருப்பிட்டு அதையேதான் பார்த்துட்டிருந்தேன். மூணு தடவை திருப்பினேன், ஒண்ணுமே வரல. நாலாவது தடவைதான் எரிஞ்சுது, வண்டியும் எடுத்துச்சு.

— ஹாரன்?

— விடாம அடிச்சேன். அதைக் கேட்டுத்தான் கேட்கீப்பர் கேட் இறக்கற சக்கரத்த விட்டுட்டு ஓடி வந்தார். ஹெட்லைட் வெளிச்சத்துல அவர் காக்கிச் சட்டை தெரிஞ்சுது.

— ஆங். இப்ப பாருங்க. ஹாரனும் ஹெட்லைட்டும் உங்க வண்டியில பேட்டரிலேந்து நேரா வர்றது. இஞ்சினு, வைப்பரு, சேப்பு லைட்டு, இது மூணும் சாவி வழியா வர்றது. பெட்ரோல் நின்னு இஞ்சின் செத்திருந்தா சேப்பு லைட்டு பளிச்சுனு எரிஞ்சிருக்கும், வைப்பரும் அதுபாட்டுக்கு ஆடிக்கினு இருந்திருக்கும். நேரா வர்றது பூரா நல்லா கீது. சாவி வழியா வர்றது மூணும் ஒரே நேரத்துல செத்துப்போச்சு. அப்ப கோளாறு எங்க?

— சாவியிலயா?

— சாவிய சொருவுற சுவிச்சுல. வண்டிய பாக்காமயே சொல்றேன்.

— அப்போ நான் ஆஃப் பண்ணல.

— நீங்க இன்னா பண்ணீங்க? அது தானா ஆஃப் ஆச்சு. மத்த ரெண்டு தபா எங்க நின்னுச்சு?

— ஒண்ணு சிட்லபாக்கம் ரோட்டுல, ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினதும். அது ஆகஸ்ட்ல. இன்னொண்ணு ஆஸ்பத்திரி முன்னாடி இருக்கற பள்ளத்துல. அப்போ எல்லாம் பயம் தெரியல. பின்னாடி நாலு பேர் ஹாரன் அடிச்சாங்க, அவ்வளவுதான். இந்தத் தடவைதான். சானடோரியம் ஸ்டேஷன்லேர்ந்து ரயில் கிளம்பிடுச்சுன்னு மணி அடிக்குது. மெட்டில்டா என்னைக் கேக்கறா, "அம்மா, இறங்கலாமா?"ன்னு, கிளாஸ்ல பர்மிஷன் கேக்கற மாதிரி. நான் சாவியத் திருப்பிட்டே இருந்தேன். அது ஆகி ஒம்பது நாள் ஆச்சு. இப்பவும் கேட் கிட்ட போனா அவ செருப்பைக் கழட்டிக் கையில வச்சுக்கறா.

— இன்னாத்துக்கு?

— ஓடறதுக்கு.

— தண்ணி குடிங்க டீச்சர்.

— வேண்டாம். நீங்க சொல்லுங்க. அவருக்கு மட்டும் ஏன் நிக்கல? அதே வண்டி, அதே கேட், தினமும் ஆபீசுக்கு அதுல ஏறி இறங்கித்தான் போறார்.

— அதான் கேள்வி. மூணு தபாவும் குதிச்சப்பறம்தான் நின்னிருக்கு. குதிக்கும்போது எது ஆடும்? உங்க சாவிய காட்டுங்க.

— இந்தாங்க.

— யம்மாடி. இன்னா டீச்சர் இது? ஜெயிலரு இடுப்புலகூட இவ்ளோ சாவி தொங்காது.

— ஸ்டாஃப் ரூம், லேப், லைப்ரரி பீரோ ரெண்டு, சண்டே ஸ்கூல் அலமாரி, ஆர்மோனியப் பெட்டி, வீடு, கேட். உதவித் தலைமையாசிரியைன்னு பேரு. பூட்டறது திறக்கறதுதான் வேலை.

— கால் கிலோ தேறும். சாரும் இதே கொத்துலதான் ஓட்டறாரா?

— இல்ல. அவர்கிட்ட வண்டிச் சாவி மட்டும் தனியா ஒண்ணு இருக்கு. இப்பவும் அதைப் போட்டுத்தான் மெட்டில்டாவ ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வரப் போயிருக்கார்.

— கம்பெனில விடறப்ப?

— அதே தனிச் சாவிதான். லேப் சாவி, சர்ச் சாவியெல்லாம் சேர்த்து வெளியாள்கிட்ட எப்படிக் குடுக்கறது?

— போச்சா. இந்தக் கொத்து இல்லாம அவன் ஆறு மாசம் ஓட்டுனாலும் ஒண்ணும் தெரியாது. கொஞ்சம் இருங்க. இது ஒரு பழைய வண்டி சுவிச்சு, இதோட சாவி இதுலயே கீது. பேட்டரில ஒரு ஒயரு, பல்புல ஒரு ஒயரு. சாவிய திருப்பறேன்.

— எரியுது.

— உள்ள சின்ன பித்தள வில்லை ஒண்ணு கீது. சாவிய திருப்புனா அது போயி எதிர இருக்கற பித்தளைய தொடும். தொட்டுக்கினு இருக்கற வரைக்கும் கரண்டு. தேஞ்சுபோனா ஒரு நூல் அளவுதான் தொட்டுக்கினு நிக்கும். இப்ப மேசைய தட்டறேன்.

— எரிஞ்சுட்டுதான் இருக்கு.

— ஒத்தச் சாவி, அப்பிடித்தான் இருக்கும். இப்ப உங்க கொத்த அதுல மாட்டறேன். தட்டறேன் பாருங்க.

— அணைஞ்சுடுச்சு.

— கொத்து ஒரு ஆட்டம் ஆடும், சாவிய கீழ இழுக்கும், வில்லை வெலகிடும். தண்டவாளத்துல ஏறுனா ஆடாம இன்னா செய்யும்?

— இன்னொரு தரம் தட்டுங்க.

— இந்தா.

— இன்னொரு தரம்.

— எத்தினி தபா தட்டுனாலும் அதான் டீச்சர். அழுவாதீங்க.

— அழல. தட்டுங்க.

— நாளைக்குப் புது சுவிச்சு வாங்கியாந்து மாட்டிடறேன், அரை மணி வேல. அதுவரைக்கும் ஒத்தச் சாவில ஓட்டுங்க. எம் பொண்ண ஏத்திக்கினு நானே அந்த கேட்ட தாண்டுவேன். அதோ, சாரு வண்டி வருது பாருங்க.

— சாராள், இங்கயா இருக்க? வீடு பூட்டியிருக்கு. மெட்டில்டாவுக்கு அஞ்சரைக்குத் தாம்பரத்துல பாட்டு ப்ராக்டிஸ், பிள்ளை வண்டியில யூனிஃபார்மோட உட்கார்ந்திருக்கா.

— வாங்க. இதைப் பாருங்க. ஜெயவேலு, தட்டிக் காட்டுங்க. பார்த்தீங்களா? என் சாவிக் கொத்துதாங்க. அதோட வெயிட்டுலதான் சுவிட்ச் விட்டுப் போகுது. தனிச் சாவியில நிக்காது. அதனாலதான் உங்களுக்கும் நிக்கல, கம்பெனியிலயும் நிக்கல.

— ஓ.

— ஓன்னா? எனக்கு ஒண்ணும் இல்லைங்க. நாளைக்கு டாக்டர் வேண்டாம்.

— சரி. வேண்டாம்.

— சாவியக் குடுங்க. மெட்டில்டாவ நான் கூட்டிட்டுப் போறேன்.

— இன்னைக்கேவா? நாளைக்கு சுவிட்ச் மாத்தட்டும், அப்புறம் ஓட்டு.

— இன்னைக்கு நான் அந்தக் கேட்டைத் தாண்டலைன்னா அப்புறம் எப்பவும் தாண்ட மாட்டேன். அவளும் பாக்கணும், அம்மா தாண்டறதை.

— மழை வரும்போல இருக்கு. நான் ஓட்டறேன்.

— சரி, நீங்களே ஓட்டுங்க. நாங்க ரெண்டு பேரும் பின்னாடி உட்கார்ந்துக்கறோம். எப்படியும் வண்டியில தாண்டணும், அவ்வளவுதான்.

— இல்ல. நீயும் அவளும் கேட்டை நடந்து தாண்டிடுங்க. நான் மட்டும் வண்டிய எடுத்துட்டு அந்தப் பக்கம் வர்றேன்.

— நாங்க ஏன் நடக்கணும்?

— சும்மா சொன்னேன். ஒரு ஜாக்கிரதைக்கு.

— சார், நம்ம மேல நம்பிக்க இல்லியா? வண்டி வாங்குனதுலேந்து ஒத்தச் சாவில ஓட்டிக்கினு கீறீங்க. ஒருதபாகூட நிக்கல. அதவிட இன்னா சாட்சி வேணும்?

— நீ கொஞ்சம் சும்மா இருப்பா.

— அவரை ஏன் அதட்டறீங்க? இது நீங்க பார்த்துப் பார்த்து வாங்கின வண்டி. எங்க அண்ணன் வேண்டாம்னு சொல்லியும், இதைப்போல வண்டி கிடையாதுன்னு சர்ச் பூரா சொன்னீங்க. இன்னைக்கு அது நல்ல வண்டின்னு தெரிஞ்சுபோச்சு, சந்தோஷப்படாம ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு?

— மெட்டில்டாவ இறக்கு சாராள்.

— கேட் திறந்துதான் இருக்கு. ரெண்டு நிமிஷம். கையை விரிங்க, சாவியக் குடுங்க.

— குடுக்க மாட்டேன்.

— ஏன்?

— எனக்கு நின்னிருக்கு. இதே ஒத்தச் சாவியில, அதே தண்டவாளத்து மேல, ஜூலையில. உனக்கு முதல் தடவை நிக்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடி.