லிங்கராஜ் தேடிய சிரிப்பு

பெருமதிப்பிற்குரிய தலைவர் வேதமாணிக்கம் ஐயா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கும் திருவனந்தபுரத்துத் தமிழ் உறவுகளே! கழக்கூட்டத்துக் கணினி நிறுவனத்தில் லிங்கராஜுக்குப் பக்கத்து நாற்காலியில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான், வெங்கடசுப்ரமணியன். அவர் பெயருக்கு முன்னால் ‘மறைந்த’ என்று சேர்க்க எனக்கு நா எழவில்லை.

இணையத்தில் ஏற்றிவிட்டால் எதுவும் அழியாது என்று நம்பி எத்தனை பேர் ஏமாந்தோம்! கடையை மூடினால் அதன் இணையப் பக்கமும் போய்விடுகிறது. போன பக்கத்துக்கும் இணையக் காப்பகத்தில் பழைய நகல் இருக்கலாம் என்று நமக்குச் சொன்னவர் யார்? லிங்கராஜ். ஞாயிறுதோறும் இந்த மன்றத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, கேட்டவர்க்கெல்லாம் தேடிக் கொடுத்தவர் யார்? லிங்கராஜ்! பதிலுக்கு டீ வாங்கிக் கொடுத்தால் கோபம் வரும். அதில் சர்க்கரை குறைந்தால் இன்னும் கோபம் வரும்.

ரத்னாபாய் அக்காள் இதோ அமர்ந்திருக்கிறார். அவர் மகன் செல்வமணி தம்பானூரில் ஓர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். விபத்தில் அவரும் போனார், கைபேசியும் நொறுங்கியது. வேறு படம் இல்லாமல் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி ஃபிளெக்ஸ் அடித்தோம். நாம் வழக்கமாகச் செய்வதுதானே? சிரிக்காத அந்த முகம் தன் மகனுடையதே அல்ல என்று தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். செல்வமணி சிரித்தபடி பரோட்டா வீசும் படம் ஓட்டலின் இணையப் பக்கத்தில் இருந்தது. பிறகு ஓட்டலும் இல்லை, பக்கமும் இல்லை.

லிங்கராஜ் நகலைப் பிடித்துவிட்டார். எழுத்தெல்லாம் இருந்தது, படம் இருந்த இடம் மட்டும் வெற்றுக் கட்டம். அக்காள் அதில் விரலை வைத்து, “இங்கதான் சாரே எம்மோன் நின்னான்” என்றார். லிங்கராஜ் எழுந்து வெளியே போய்விட்டார். அன்று முதல் வேறு வேறு நாளில் எடுத்த நகல்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் அக்காள் வெறுங்கையோடு திரும்பினார். ஆனால் ‘கிடைக்காது’ என்ற சொல் மட்டும் லிங்கராஜின் வாயில் வரவில்லை.

லிங்கராஜ் நோயில் விழுந்து, ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தபோதுதான் அவருக்குத் தோன்றியது. இத்தனை நாள் பக்கத்தையே தேடிக்கொண்டிருந்தோமே என்று தலையில் அடித்துக்கொண்டு, எங்கள் அலுவலக நண்பர் அனீஷிடம் சொன்னார்: “பக்கத்த விடுடே. படத்துக்குத் தனியா ஒரு முகவரி உண்டுல்லா, அத மட்டும் காப்பகத்துல போட்டு நோக்கு.” மறுநாள் அவர் இல்லை. அடக்கம் முடிந்து வந்து அனீஷ் அப்படியே செய்தார். கிடைத்தது, அன்பர்களே! பரோட்டாவும் சிரிப்புமாகச் செல்வமணி கிடைத்தார்!

அக்காள் படத்தை நெஞ்சோடு அணைத்து அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இத சாருக்கு ஒண்ணு காட்டணுமே” என்றார். ஐயோ, எங்கே கொண்டுபோய்க் காட்டுவோம்?

லிங்கராஜ்! ஞாயிற்றுக்கிழமை இந்த மன்றம் திறந்திருக்கும். அனீஷும் நானும் இருப்போம். தொலைந்ததைக் கேட்டு வருகிற ஒருவரையும் தேடாமல் திருப்பி அனுப்ப மாட்டோம். உங்கள் மனைவி ஸ்மிதா முன்னிலையில், இந்தச் சபையின் முன்னிலையில் நாங்கள் தரும் வாக்கு இது. ஒன்று கிடைத்துவிட்டால் முதலில் உங்களிடம் சொல்லத்தான் வாய் வரும். அப்போது என்ன செய்வது என்று மட்டும் எங்களுக்குத் தெரியவில்லை.