இரண்டு டப்பா கேக்

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால் அலுவலகத்தில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் வாழ்த்துவதற்குப் பதிலாகக் கேக் செய்து கொண்டுபோவேன். என்ன சொல்வார்களோ என்று நினைத்தாலே கூச்சம் வந்துவிடும். மூக்கைத் தேய்த்துக்கொண்டே கிரீமைக் கையால் பூசுவேன். நான் செய்ததை நானே சாப்பிடுவதில்லை. அதற்கும் கூச்சம்தான், ஐயா.

எங்கள் ஆய்வகத்தில் உணவில் கெட்ட கிருமி இருக்கிறதா என்று பார்ப்போம். கடையிலிருந்து எடுத்த உணவு இரண்டு டப்பாக்களில் வரும். ஒன்றைச் சோதிப்போம். மற்றது ஃப்ரிட்ஜில் இருக்கும்; கடைக்காரர் முடிவை ஏற்காவிட்டால் அதையும் சோதிப்போம்.

அன்று வந்தது ஒரு பேக்கரியின் கிரீம் கேக். அன்றே எங்கள் மேடத்துக்குப் பிறந்தநாள். போன வருடம் அவர் என் கேக்கைத் தின்றுவிட்டு, "நல்லாத்தான்டி இருக்கு, ஆனா பேக்கரி கேக்காட்டம் பஞ்சா வரல" என்றிருந்தார். வித்தியாசம் என்னவென்று பார்க்க முதல் டப்பாவில் ஓர் ஓரத்தைக் கிள்ளினேன். பஞ்சுதான். ஒரே ஒரு மாதிரியை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். ஆகவே இரண்டாவது டப்பாவையும் திறந்தேன்.

பதிவேட்டில் கேக் இருந்தது, டப்பாக்களில் இல்லை. அது ஒழுங்கீனம். மேடத்துக்காக நான் செய்து கொண்டுவந்திருந்த கேக்கின் பின்பக்கத்தை வெட்டி இரண்டையும் நிரப்பினேன்.

பிறகு எல்லாம் முறைப்படிதான். இருபத்தைந்து கிராம் நிறுத்து, கரைத்து, பத்துப் பத்து மடங்காக நீர்க்கவைத்து, கிருமி வளர்க்கும் தட்டுகளில் பரப்பி, முப்பத்தேழு டிகிரியில் இரண்டு நாள் வைத்தேன்.

அன்று மாலைக்குள் மேடமும் இன்னும் ஆறு பேரும் கழிப்பறை வாசலில் வரிசையில் நின்றார்கள். "கேன்டீன்காரன் நம்மளக் கொன்னுட்டான்டி" என்றார் மேடம். மறுநாளே கேன்டீன்காரரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மூன்று வருடத்தில் அவர் நான்காவது ஆள். யாருக்காவது பிறந்தநாள் வந்தாலே எங்கள் கேன்டீன் மோசமாகிவிடும்.

தட்டுகளைத் திறந்தால் கறுப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றித் தெளிவான வளையம். மனிதர்களின் மூக்கிலும் கையிலும் குடியிருக்கும் கிருமி. எண்ணி மாளவில்லை. இந்தப் பேக்கரிக்காரருக்குச் சுத்தமே தெரியாதா என்று உண்மையாகவே வருத்தப்பட்டேன்.

அவர் ஓடி வந்தார். "பதினெட்டு வருஷக் கடை மேடம். தும்மல் வந்தாக்கூட தெருவுக்குப் போய்த்தான் தும்முவேன். அந்த இன்னொரு டப்பாவப் பாருங்க."

பார்த்தோம். அதிலும் அதேதான்.

"நான் என்னங்க பண்றது? இந்தப் பொண்ணு வாயில விரல வெச்சாக்கூடக் கடிக்கத் தெரியாதவ. இவளா தப்பா எழுதப்போறா?" என்றார் மேடம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கடையைப் பூட்டி சீல் வைத்தார்கள்.

நாளை அவருடைய உரிமம் ரத்தாகிறது. அதனால்தான் வாக்குமூலம் கொடுக்க உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். அவர் கேக்கில் ஒரு குறையும் இல்லை; இரண்டு டப்பாவையும் தின்ற எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கேக்கை மாற்றியது நான்தான். கடையைத் திறந்துவிடுங்கள்.

ஆனால் என் கேக்கிலும் குறை இருக்க வாய்ப்பில்லை. தட்டுகளில்தான் ஏதோ கோளாறு. அதைக் காட்டத்தான் காலையில் செய்த கேக்கை உங்களுக்கும் கொண்டுவந்தேன். நன்றாக இருக்கிறது என்று மூன்று துண்டு சாப்பிட்டீர்கள். இதை நான் சொல்லி நீங்கள் எழுதி முடிக்க இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கிறது. பாருங்கள், நன்றாகத்தானே இருக்கிறீர்கள்.

ஐயா, கையெழுத்து வாங்காமல் எங்கே ஓடுகிறீர்கள்?

இங்கேயும் கேன்டீன் சரியில்லை போலிருக்கிறது.