ஓம் என்றாள்

தேநீரைக் குடியுங்கள், ஆறிப்போகும். எங்கள் ஆட்கள் தொலைபேசியில் கதைப்பதை நீங்கள் எப்போதாவது கவனித்திருக்கிறீர்களா? மறுமுனையில் யாரோ மாடு காணாமல் போன கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். இந்தப் பக்கத்து ஆள் “ஓம்... ஓம்... ஓம்...” என்று இழுத்துக்கொண்டிருப்பார். செத்தவீட்டுச் செய்திக்கும் அதே ஓம்தான், கலியாணச் செய்திக்கும் அதே ஓம்தான். கொழும்பில் வளர்ந்த உங்களுக்கு அது சம்மதம் போலக் கேட்கும். எங்களுக்கு அது “கேட்கிறது, மேலே சொல்லுங்கள்” என்பது மட்டும்தான். என் மனைவி இராசேஸ்வரி நான் எதைச் சொன்னாலும் ஓம் என்பாள், பிறகு தான் நினைத்ததைச் செய்வாள். எங்கள் குடும்பம் இவ்வளவு காலமும் அப்படித்தான் ஓடுகிறது.

நான் பேசித் தோற்ற வழக்கில் கலிஸ்ராவின் மேன்முறையீட்டை நீங்கள் எடுத்திருப்பது நல்லது. அவளுடைய சாட்சியத்தில் நீங்கள் கோடிட்டு வைத்திருக்கும் இடங்களைப் பார்த்தேன். எல்லா இடத்திலும் அந்த ஒரு சொல்தான். அதைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள் என்று நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

முல்லைத்தீவில் பரமலிங்கம் சட்டத்தரணி என்றால் பெண்பிள்ளைகளின் வழக்குப் பேசுகிறவர் என்று சொல்வார்கள். அந்தப் பெயரைப் பாடுபட்டுத்தான் எடுத்தேன். பொலிசில் கொடுத்த முறைப்பாடு தூங்கிப்போகும், குற்றவியல் வழக்கில் இம்மியளவு சந்தேகம் கிடைத்தாலும் ஆள் தப்பிவிடுவார். அப்படிக் கைவிடப்பட்டவர்களுக்காக நான் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குப் போடுவேன். அங்கே யாருடைய சொல் கூடுதலாக நம்பத்தக்கது என்பதுதான் கேள்வி. துணுக்காயில் ஒரு பிள்ளைக்கு வென்று கொடுத்தேன். ஒட்டுசுட்டானில் ஒருத்திக்கு, அவளுடைய சொந்தச் சித்தப்பாவுக்கு எதிராகவே வென்று கொடுத்தேன். அவர்கள் இன்றைக்கும் என்னைக் கண்டால் நின்று கதைத்துவிட்டுத்தான் போவார்கள்.

ஆகவே சுசிலா தன் மகள் கலிஸ்ராவைக் கூட்டிக்கொண்டு கொக்கிளாயிலிருந்து நேரே என்னிடம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. தகப்பன் கடலோடு போனவர். பிள்ளை பள்ளிக்கூடம் முடித்தபின் அந்தோனிமுத்து சம்மாட்டி கருவாடு போடும் கொட்டிலில், அவருடைய வாடியில், வேலைக்குப் போயிருக்கிறாள். படகும் வலையும் வாடியும் அவருடையவை, அந்தக் கரையில் பாதிக் குடும்பங்கள் அவருடைய படகை நம்பித்தான் சாப்பிடுகின்றன. அந்த வாடிக்குள் நடந்ததை நான் இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. அவள் இந்தக் கதிரையில் இருந்து, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு தரம் எனக்குச் சொன்னாள். அது உண்மை. முதல் நாளே அது உண்மை என்று எனக்குத் தெரியும்.

பொலிசார் சாட்சி இல்லை என்று கோப்பை மூடிவிட்டார்கள். அவளுக்கு மிஞ்சியிருந்தது இந்த ஒரு வழக்குத்தான்.

அவள் சாட்சி சொன்ன அன்று நீதிமன்றத்தில் கொக்கிளாய்ச் சனம் நிறைந்திருந்தது. நான் கேட்ட கேள்விகளுக்கு நன்றாகவே பதில் சொன்னாள். பிறகு எதிராளியின் சட்டத்தரணி எழும்பினார். கெட்ட மனிதர் இல்லை, கெட்டிக்காரர்.

“உங்கட விருப்பத்தோடதான் அண்டைக்கு வாடிக்குள்ள போனீங்கள்?”

“ஓம்...” என்றாள். மூச்சை எடுத்து மிச்சத்தைச் சொல்ல வாயைத் திறந்தாள். அவர் விடவில்லை.

“அவர் உங்களைப் பலவந்தப்படுத்தேல்லை?”

“ஓம்...”

“அம்மாவுக்குப் பயந்துதான் பிறகு இந்தக் கதையைச் சொன்னனீங்கள்?”

“ஓம்...”

நீதிபதியைக் குறை சொல்ல முடியாது. கேள்வி ஒன்று, பதில் ஓம். அவர் ஆம் என்று எழுதினார். கலிஸ்ரா என்னைத் திரும்பிப் பார்த்தாள். என்னவோ பிழைத்துவிட்டது என்று அவளுக்கு விளங்கியிருந்தது, என்ன என்றுதான் விளங்கவில்லை. நான் எழும்பி, “சாட்சியைச் சொல்லி முடிக்க விடுங்கள்” என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். பிறகாவது, மீள்விசாரணையில், “பிள்ளை, ஓம் என்று நீங்கள் சொன்னது என்ன கருத்தில்?” என்று கேட்டிருக்கலாம். பிழைத்ததைத் திருத்துவதற்கென்றே அவளுடைய சட்டத்தரணிக்குச் சட்டம் கொடுத்திருக்கும் சந்தர்ப்பம் அது. நீதிபதி என்னைப் பார்த்து மீள்விசாரணை உண்டா என்று கேட்டார். நான் கைலேஞ்சியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இல்லை என்றேன்.

பிள்ளை களைத்துப் போயிருந்தாள். தெரிந்த சனத்துக்கு முன்னால் அவளை இன்னும் நிறுத்திவைக்க எனக்கு மனம் வரவில்லை. கேட்கிற ஆட்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். அவள் களைத்திருந்தது பொய்யில்லை.

மிச்சத்தையும் சொல்கிறேன். வெட்கமாக இருக்கிறது, அதனால் யன்னலைப் பார்த்துக்கொண்டு சொல்கிறேன், குறை நினைக்காதீர்கள்.

சண்டையின் கடைசி மாதத்தில் நானும் இராசேஸ்வரியும் முள்ளிவாய்க்கால் கரையில் கிடந்தோம். ஷெல் துண்டு பட்டு அவளுடைய கால் அழுகத் தொடங்கியிருந்தது. முன்பின் தெரியாத ஒரு மனிதர் எங்களைப் பார்த்தார். படகில் இருந்த வலையைத் தூக்கி மணலில் எறிந்துவிட்டு, அது கிடந்த இடத்தில் அவளைக் கிடத்தினார். துப்பாக்கிச் சூடு விழுந்த கடலால் எங்களைக் கொண்டுபோய்க் கரை சேர்த்தார். பெயரைக் கேட்டேன். அந்தோனிமுத்து என்றார். ஒரு சம்மாட்டி தன் பிழைப்பான வலையை மணலில் எறிகிறது என்றால் என்ன என்று கொக்கிளாயில் யாரையும் கேட்டுப் பாருங்கள்.

சுசிலா என் முன்னால் அந்தப் பெயரைச் சொன்னபோது நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். “அம்மா, எனக்கு அவரோடு ஒரு கடன் இருக்கிறது, வேறு ஆளைப் பாருங்கள்” என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர்கள் நம்பி வந்துவிட்டார்கள், கைவிடக்கூடாது என்று நினைத்தேன்.

வழக்குப் பதிந்த கிழமையே சம்மாட்டி என் வீட்டுக்கு வந்தார். வாசலில்தான் நின்றார், உள்ளே வரவில்லை.

“தம்பி, நான் ஒண்டும் கேக்க வரேல்லை,” என்றார். “உங்கட மனுசியின்ர கால் இப்ப என்ன மாதிரி? மாரிக்குக் குத்துதோ?”

“பரவாயில்லை அண்ணை. நடக்கிறா,” என்றேன்.

“அது காணும்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். குசினிக்குள் இராசேஸ்வரி நடந்து திரிகிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு கால் மெல்லவாகவும் மற்றக் கால் பலமாகவும் விழும் சத்தம். அந்தக் கடனுக்கு ஈடாகக் கொடுக்க என்னிடம் சொந்தமாக எதுவும் இருக்கவில்லை. என்னிடம் இருந்தது வேறொரு வீட்டுப் பிள்ளை.

நேற்றுக் கலிஸ்ராவைச் சந்தித்தபோது, “சேர் சொல்லித் தந்த மாதிரித்தான் சொன்னனான்” என்று அவள் சொன்னதாகச் சொன்னீர்கள். நன்றியோடு சொன்னாள் என்றும் சொன்னீர்கள். அதைக் கேட்ட பிறகுதான் தேநீர் போடச் சொல்லி உள்ளே போனேன். உங்கள் முன்னால் என் முகத்தை வைத்திருக்க முடியவில்லை.

உண்மைதான். சாட்சிக்கு முதல் அவளை இங்கே கூப்பிட்டுப் பழக்கினேன். அவளுக்கு ஓம் போடும் பழக்கம் அவ்வளவு இல்லை. சுருக்கென்று பதில் சொல்கிற பிள்ளை அவள். “இல்லை” என்றால் இல்லைதான். அப்படியே சாட்சிக் கூட்டில் ஏறியிருந்தால் அந்தச் சட்டத்தரணியால் அவளை அசைத்திருக்க முடியாது.

“பிள்ளை, கேள்வி கேட்டவுடன படாரெண்டு பதில் சொல்லாதேங்கோ,” என்றேன். “முதல்ல ஓம் எண்டு சொல்லுங்கோ. கேள்வி உங்களுக்குக் கேட்டது எண்டு நீதிபதி ஐயாவுக்கு விளங்கும். பிறகு மூச்சு விட்டு, ஆறுதலாச் சொல்லுங்கோ. அதுதான் மரியாதை.”

“எல்லாக் கேள்விக்குமோ சேர்?”

“எல்லாத்துக்கும்.”

நான் கேள்வி கேட்க, அவள் ஓம் என்று நிறுத்திப் பிறகு பதில் சொல்ல, அன்று முழுவதும் பழகினோம். கெட்டிக்காரப் பிள்ளை, கெதியாகப் பிடித்துக்கொண்டாள். தாய் பக்கத்தில் இருந்து தலையாட்டிக்கொண்டிருந்தாள். போகும்போது இருவரும் என்னைக் கும்பிட்டார்கள்.

இன்னொன்றையும் சொன்னால்தான் முழுதாகும். அவர்கள் நம்பி வந்ததால் வழக்கை எடுத்தேன் என்று சற்று முன் சொன்னேன். அது சரியில்லை. நான் எடுக்காவிட்டால் வேறொருவர் எடுப்பார், ஒழுங்காக நடத்துவார், அவள் வென்றுவிடுவாள். அதனால்தான் எடுத்தேன். வாடிக்குள் அவர் ஒரு தரம் அவள் வாயைப் பொத்தினார். நீதிமன்றத்தில் அவளுடைய சொல்லைக் கொண்டே நான் பொத்தினேன். உங்கள் சத்தியக் கடதாசியில் இதையும் எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். சட்டத்தரணித் தொழில் போகும், போகட்டும். சம்மாட்டியின் பக்கத்துக் கடன் தீர்ந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் ஒன்று வந்து நிற்கிறது, அதை எப்படித் தீர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் என்னை அப்படிப் பார்க்க வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு என்னில் கோபம் இல்லை. தீர்ப்புக்குப் பிறகு ஒரு நாள் பஸ் நிலையத்தில் அவளைத் தனியாகக் கண்டேன். மெலிந்து போயிருந்தாள். மனம் கேட்கவில்லை, கிட்டப் போனேன்.

“என்னில கோவமில்லைத்தானே பிள்ளை?” என்று கேட்டேன்.

“ஓம்...” என்றாள்.

மூச்சை எடுத்தாள். மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்ததுபோல் இருந்தது. அதற்குள் என் பஸ் வந்துவிட்டது, நான் ஏறிவிட்டேன். ஆனால் ஓம் என்றாள், என் காதால் கேட்டேன். அன்றையிலிருந்துதான் எனக்கு நித்திரை வருகிறது.