நாற்பது காலடித் தொலைவில் ஒரு மணி

தலைமை இருக்கையில் அமர்ந்திருக்கும் நம் நிறுவனர் வுகோமன் அவர்களே! மெழுகுவர்த்தி ஏற்றி இந்த விழாவை ஆசீர்வதித்த தந்தை விடோயே அவர்களே! ஏழு கிடங்குகளிலிருந்தும் வந்திருக்கும் மேலாளர்களே! மலைப்பாதையில் வண்டி ஓட்டும் சோதரர்களே! உறைந்த ராஸ்பெரிப் பழங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிரித்து விரல் மரத்தாலும் மனம் மரத்துப்போகாத தாய்மார்களே! மூன்றாம் வரிசையில் கறுப்புத் தலைத்துணியோடு அமர்ந்திருக்கும் ஸ்டானோய்கா அம்மா அவர்களே! உங்கள் அனைவருக்கும் ரடோமிரின் தாழ்மையான வணக்கம்.

பதினோரு ஆண்டுகளாக நம் நிறுவனத்தின் கணினி வலையமைப்புக்கு நான்தான் பொறுப்பு. ஏழு கிடங்குகள் பன்னிரண்டாகப் போகின்றன. பன்னிரண்டையும் இணைக்கும் புதிய திட்டத்தில் இந்த மேடையில் நான் கையெழுத்திட வேண்டும். அதோ மேசையில் நாடா கட்டிய பேனா காத்திருக்கிறது. ‘பன்னிரண்டு கிடங்கையும் ஒரே கண்ணால் காணும் கலை’ என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். கைதட்டாதீர்கள், தயவுசெய்து. நான் பேச வந்தது அந்தக் கலையைப் பற்றி அல்ல.

நேற்று மிலெந்தியேவின் அரையாண்டு நினைவுநாள். டுபோவிட்சா கிடங்கில், மூன்றாம் குளிர் அறையில், கடந்த மே மாதம் உறைந்து இறந்தாரே, அந்த மிலெந்தியே. கல்லறையில் எல்லோரும் ஒரு கரண்டி கோதுமைப் பிரசாதம் எடுத்துக்கொண்டோம். எனக்குக் கரண்டியை நீட்டியவர் அவருடைய மனைவி ஸ்டானோய்கா அம்மா. நீட்டிய கையை எடுக்காமலே கேட்டார்: “இன்ஜினியர் தம்பி, ஊர்ல எல்லாரும் அவர் குடிச்சிட்டு உள்ள போனார்னு சொல்றாங்க. விசாரிச்சு எழுதினது நீங்கதானே? நீங்க சொல்லுங்க. அவர் குடிச்சிருந்தாரா?”

நாளைக்கு மேடையில் சொல்கிறேன் அம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்லத்தான் நிற்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது நமக்கு ஒரே கிடங்கு, ஒரே கணினி. சூடாக இருக்கிறதென்று அதன்மேல் ஒரு பூனை படுத்துக் கிடக்கும். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள், இனிமேல் சிரிக்க இடமில்லை. ஒன்று இரண்டானது, இரண்டு நான்கானது, நான்கு ஏழானது. அவசரத்தில் வளர்ந்த வீட்டில் அறைக்கு ஒரு சாவி இருப்பதுபோல் கிடங்குக்கு ஒரு முறை. ஒன்றில் குளிர் குறைந்தால் மற்றொன்றுக்குத் தெரியாது. அப்போதுதான் நான் எழுந்து சொன்னேன்: எல்லா கேபிளும் சாச்சாக் தலைமையகத்துக்கு வரட்டும்! ஒரே அறை, ஒரே திரை, ஒரே கண்! அன்றும் கைதட்டினீர்கள். கிடங்குகளில் இருந்த சின்னச் சின்ன எச்சரிக்கைப் பெட்டிகளையெல்லாம் பெருமையோடு பிடுங்கினேன்.

டுபோவிட்சாவில் ஒரு மணியும் இருந்தது. குளிர் அறைக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் உள்ளே ஒரு பொத்தானை அழுத்துவார். வாசலில் காவலர் குடிசையின்மேல் மணி அடிக்கும். அறைக்கும் குடிசைக்கும் நாற்பது காலடி. நாற்பது காலடிக்கு ஒரு கம்பி, வேறொன்றும் இல்லை. நான் அதை மாற்றினேன். இனி பொத்தான் அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சாச்சாக்குக்குச் சொல்லும். சாச்சாக் தொலைபேசியில் காவலருக்குச் சொல்லும். நாற்பது காலடி போக வேண்டிய குரலை நூற்றிருபது கிலோமீட்டர் சுற்றவிட்டு, அதற்கு நவீனம் என்று பெயரும் வைத்தேன்!

மணியைக் கழற்ற நான் ஏறிய ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா? மிலெந்தியே. கீழிருந்தபடி சொன்னார்: “மணிய விட்டுட்டுப் போங்க தம்பி. திரைல தெரியிறது சாச்சாக்காரனுக்கு. மணி அடிச்சாத்தான் வாசல்ல இருக்கிறவனுக்குக் கேக்கும்.” நான் சிரித்தேன். இரண்டு கேபிள் இருக்கிறது, இரண்டு வேறு வழி, ஒன்று அறுந்தால் மற்றொன்று என்று பாடம் எடுத்தேன். அவர் தலையாட்டிக்கொண்டே மணியை வாங்கித் துடைத்து, ஒரு சாக்கில் சுற்றி வைத்தார்.

இரண்டு வழியா? உண்மையிலேயே இரண்டு வழியா? கேபிளுக்குக் குழி தோண்டிய ஓப்ரென் ஒருநாள் சேற்றுக் காலணியோடு என் அலுவலகத்துக்கு வந்தார். தரை விரிப்பில் கால் வைக்கக் கூசி வாசலிலேயே நின்றார். “தாள்ல ரெண்டு கோடு இருக்கு தம்பி, மண்ணுல ஒரு குழிதான். ரெண்டாவது குழி மிலெந்தியேவோட ராஸ்பெரிச் செடி வரிசைக்குள்ள போகணும். காய் பிடிக்கிற நேரம், மனுஷன் கெஞ்சினான். ரெண்டு கேபிளையும் ஒண்ணாவே படுக்க வச்சிட்டேன். மனசு கேக்கல, சொல்லிட்டேன்.” பார்த்துக்கொள்கிறேன் என்று காப்பி கொடுத்து அனுப்பினேன். எதைப் பார்த்தேன்? வரைபடத்தைப் பார்த்தேன். அதில் இரண்டு கோடு அழகாக இருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதைக் கற்க எனக்கு ஓர் உயிர் தேவைப்பட்டது.

பின்வரிசையில் ஒருவர் முணுமுணுக்கிறார்: அப்படியானால் செடிக்காகக் கெஞ்சியவன்மேல்தானே தப்பு? இல்லை ஐயா! காய்க்கிற செடியைக் காப்பாற்றாத மனிதன் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டா? செடியைக் காப்பது அவர் வேலை. வழியை நடந்து பார்ப்பது என் வேலை. அவர் தம் வேலையைச் செய்தார்.

மே மாதக் கடைசி வாரம். நான்கு நாள் விடாத மழை. நண்பகலில் ஓடைக்கரை சரிந்தது. ஒரே குழியில் கிடந்த இரண்டு கேபிளும் ஒன்றாகவே போயின. சாச்சாக் திரையில் டுபோவிட்சா சாம்பல் நிறமானது. மலை சரிந்திருக்கும், மழை நிற்கட்டும் என்றார் ஒருவர். ஆமாம் என்றேன் நான். காப்பி குடித்தோம். அதே பகலில் மிலெந்தியே மூன்றாம் அறைக்குள் போனார். கதவின் உட்கைப்பிடி பனியில் இறுகிப்போயிருந்தது. அந்த எஃகுச் சுவர்களுக்குள் கைபேசி பிடிக்காது. மாலை ஆறு மணிக்கு அடுத்த முறைக்காரர்கள் கதவைத் திறந்தார்கள்.

அறிக்கை எழுதியவன் நான். ‘தனியாக உள்ளே சென்றது விதிமீறல், தொழிலாளியின் கவனக்குறைவு.’ இரண்டே வரி. பழம் வராத மாதங்களில் ஆளைக் குறைத்துவிட்டு, தனியாகப் போகாதே என்று விதி எழுதினோம். இந்த மண்டபத்தில் குளிர் அறைக்குள் ஒருமுறைகூடத் தனியாகப் போகாதவர்கள் கை தூக்குங்கள். பார்க்கிறேன். மேலாளர்களே, நீங்களும் தூக்கலாம். ஒரு கைகூட இல்லை. என் அந்த இரண்டு வரியிலிருந்துதான் ஊர் ஒரு குடிகாரனை உருவாக்கியது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும். நானும் ஒரு நேரத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

அறுந்த கேபிளை இரண்டு நாள் கழித்து ஒட்டினார்கள். அதுவரை டுபோவிட்சாவில் தேங்கி நின்ற செய்திகளெல்லாம் சாச்சாக் திரைக்கு வந்து சேர்ந்தன. நான் தனியாக அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ‘டுபோவிட்சா, மூன்றாம் அறை, உதவி.’ மறுபடியும், மூன்றாம் அறை, உதவி. மறுபடியும். மறுபடியும். எண்ணினேன். முப்பத்தொரு முறை. முதல் அழுத்தம் ஒன்று நாற்பதுக்கு. கடைசி அழுத்தம் ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு. அந்தச் சமயத்தில் காவலர் க்வோஸ்டென் நாற்பது காலடியில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். அவர்மேல் குற்றமில்லை. அவரை எட்டும் குரலை நான்தான் ஏணி போட்டுக் கழற்றினேனே!

அன்றைக்கு நடந்த இரங்கல் கூட்டத்தில் ஓரிருவர் அழுதார்கள். நான் அழவில்லை. அந்தப் பக்கத்தை அச்செடுத்து, மடித்து, இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். அவருடைய இரத்தப் பரிசோதனை பற்றிய மருத்துவமனைச் சான்றும் அதே இழுப்பறையில்தான் இருந்தது. வேலை போய்விடும் என்ற பயம். வேறொன்றும் இல்லை. ஆறு மாதம் அந்த இழுப்பறையின்மேல் கை வைத்துக்கொண்டுதான் பன்னிரண்டு கிடங்குக்கும் திட்டம் வரைந்தேன்.

இதோ அந்த இரண்டு தாள்கள். தந்தை விடோயே கையில் கொடுக்கிறேன். தேவாலய வாசலில் ஒட்டட்டும். என் அறிக்கையின் கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன். தொழிலாளர் ஆய்வாளருக்கு இன்று காலையே எழுதிவிட்டேன். வுகோமன் அவர்களே, அந்த நாடா கட்டிய பேனாவை நான் தொடமாட்டேன். யார் தொட்டாலும் முதலில் ஓப்ரெனை அழைத்துக்கொண்டு பன்னிரண்டு வழியையும் காலால் நடந்து பாருங்கள். சாச்சாக்கின் கண் எவ்வளவு பெரிதானாலும் சரி, ஒவ்வோர் அறைக்கும் அதன் வாசலுக்கும் நடுவே யாரையும் கேட்காத ஒரு கம்பி இருக்கட்டும். இணைப்பு அறுந்தாலும் ஒருவன் இன்னொருவனைக் கூப்பிட முடியட்டும். அது இல்லாத வலையமைப்பு நமக்கு எதற்கு? யாருக்கு? நாளை முதல் எனக்கு இங்கே வேலை இருக்காது. தெரிந்துதான் பேசுகிறேன்.

இன்று காலை டுபோவிட்சாவுக்குப் போனேன். சாக்கில் சுற்றிய மணி அவருடைய கருவிப்பெட்டியின் அடியில் பத்திரமாக இருந்தது. அவர் துடைத்துச் சுற்றியிருந்ததால் துருகூடப் பிடிக்கவில்லை. பழைய இடத்திலேயே மாட்டி, கம்பியை இணைத்தேன். மூன்றாம் அறைக்குள் போய்ப் பொத்தானை அழுத்தினேன். க்வோஸ்டென் ஓடி வந்து கதவைத் திறந்தார். நான் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது மூச்சில் அவர் முகம் தெரிந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பீர்கள். ஆம், அதேதான்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், நடுவில் எழுந்து போகாத தாய்மார்களுக்கும், ஒலிபெருக்கியை அணைக்காத தம்பிக்கும் நன்றி.

ஸ்டானோய்கா அம்மா, நேற்று கேட்டீர்கள். அவர் குடிக்கவில்லை. மூன்றரை மணி நேரம் அவர் எங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கேட்க வேண்டிய இடத்தில் நான் யாரையும் வைக்கவில்லை. அவ்வளவுதான் அம்மா. வணக்கம்.