தாமல் ஏரிக்கரையில் நின்றவர்கள்

இரவு இரண்டு மணி இருக்கும். தாமல் ஏரிக்கரைச் சாலை. ஒரு வண்டி இல்லை, குரைக்க ஒரு நாய்கூட இல்லை...

என் நண்பன் வசந்த்தின் மாமனார் தேவேந்திரன் அந்த வழியாகத்தான் பைக்கில் வந்தார். செவிலிமேட்டில் வீடு. சினிமாவில் ஸ்டில் போட்டோகிராபர். ஷாட் முடிந்ததும் "அப்படியே நில்லுங்க" என்பார். நடித்தவர்கள் அதே நிலையில் நிற்பார்கள். படம் எடுத்துவிட்டு "போதும், போலாம்" என்றால்தான் கலைவார்கள். தலை நரைக்கும்வரை இதே வேலை.

அன்றும் அந்தக் கரையில்தான் படப்பிடிப்பு. யூனிட் வேன்கள் முன்னமே போய்விட்டன. முதுகு கடுத்தது. கண்ணில் மணல் விழுந்தது போல எரிச்சல்.

முதலில் வாடைதான் வந்தது. நனைந்த பட்டின் வாடை... அதோடு மேக்கப் பவுடர்.

ஹெட்லைட்டில் ஒரு பெண். ஒரு கையை நெற்றிக்கு மேல் வைத்து, தூரத்தில் யாரையோ தேடுவது போல நின்றாள். முந்தானையிலிருந்து தண்ணீர்... சொட்... சொட்...

துணை நடிகை, வேனைத் தவற விட்டிருப்பாள் என்று நினைத்தார்.

"இன்னாமா, உட்டுட்டுப் போய்ட்டாங்களா? ஏறு, டவுன்ல எறக்கிடறேன்."

அவள் அசையவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"எப்படி சார் வர்றது? அப்படியே நில்லும்மான்னு நீங்கதானே சொன்னீங்க. எவ்ளோ காலமா நின்னுக்கினு இருக்கேன்..."

ஓடியிருக்கலாம். ஆனால் ஓடவும் உடம்பில் தெம்பில்லை. பையிலிருந்து கேமராவை எடுத்தார். ஒரே ஒரு படம். பிளாஷ் அடங்கியதும் சொன்னார்:

"போதும்மா... போலாம்."

அவள் கையை இறக்கினாள். மூட்டு நெறிந்தது... மடக்... மடக்... பெருமூச்சு விட்டாள். ஏரிக்காற்றைவிடக் குளிராக அது அவர் முகத்தில் பட்டது.

"அவங்களுக்கும் சொல்லிடுங்க சார்."

யாருக்கு? வண்டியைத் திருப்பினார். வெளிச்சம் கரை நெடுக ஓடியது.

கரை நெடுக ஆட்கள். ஒருவன் வாய்விட்டுச் சிரித்தபடி. ஒருத்தி மாரில் அடித்துக்கொள்ளக் கையை ஓங்கியபடி. ஒரு குழந்தை, தூக்கிய காலை ஊன்றாமல்... யாரும் கண் இமைக்கவில்லை.

விடிந்து பால்காரர் பார்த்தபோது தேவேந்திரன் கரை மண்ணில் உட்கார்ந்திருந்தார். தொண்டை கட்டி, குரலே இல்லை. ஆஸ்பத்திரியில் வசந்த் குனிந்து, அவர் வாயருகே காதை வைத்தான்.

"பாதிப் பேருக்குத்தான் சொல்ல முடிஞ்சிது மாப்ள... அதுக்குள்ள விடிஞ்சிடுச்சி."