வெட்டிய குழாயில் கட்டிய கம்பி

என் முழுப்பெயரும் தகப்பனார் பெயரும் முதல் தாளில் எழுதப்பட்டிருக்கின்றன. தொழில் வட்டத்தில் என்னை டேப்பு என்று சொன்னால்தான் தெரியும். இடது கட்டைவிரலில் குழாய் இணைப்பில் சுற்றும் வெள்ளை டேப் சுருளை மாட்டிக்கொண்டே திரிவதால் வந்த பெயர் அது. வயது நாற்பத்து மூன்று. அச்சகத்துக்குப் பின்னால் இருக்கும் மாடி வீட்டில் மேல் போர்ஷனில் மனைவியோடும் இரண்டு மகள்களோடும் குடியிருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாகக் குழாய் வேலை செய்து வருகிறேன். இதற்கு முன் எந்த வழக்கிலும் சேர்ந்தவன் இல்லை. இன்று சனிக்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு, யாரும் கூப்பிடாமல், நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

மூன்றாம் மாடி வாத்தியார் வீட்டில் வியாழக்கிழமை நடந்த விபத்துக்காக நேற்றுக் காலையிலிருந்து இங்கே உட்கார வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் என் மனைவியின் தம்பி. அவன் மேல் தவறு இல்லை. தவறு என்னுடையது. இதை முதலில் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன். மீதியை நடந்த வரிசைப்படி சொல்லும்படி எழுதும் ஐயா சொன்னதால் அப்படியே சொல்கிறேன்.

ஒரு மாதத்துக்கு முன் வாத்தியார் வீட்டில் துணி துவைக்கும் மெஷின் வாங்கினார்கள். அதை வைக்கக் குளியலறையில் இடம் ஒதுக்கி, முதலில் என் மச்சான் போய் சாக்கெட் வைத்துக் கொடுத்தான். அது பழைய கட்டடம். அங்கே எர்த்துக்குத் தனிக் கம்பி கிடையாது. எல்லா வீட்டிலும் பச்சை ஒயரை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டிவிடுவார்கள், கசியும் கரண்ட் அந்தக் குழாய் வழியாகவே மண்ணுக்குப் போய்விடும். அவனும் அப்படியே கட்டி, விளக்குப் போட்டுச் சோதித்தும் பார்த்திருக்கிறான். அன்று சாயங்காலம் என்னிடம், “மாமா, குழாய்ல பச்சை ஒயர் கட்டியிருக்கேன், வெட்டும்போது பாத்து வெட்டுங்க” என்றான். நேற்று வேலைக்கு வந்தவன் எனக்குக் குழாய் வெட்டச் சொல்லித் தருகிறானா என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உன் வேலையைப் பார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை நான் போனேன். மெஷினுக்குத் தண்ணீர் எடுக்கக் குழாயில் ஒரு கிளை வைக்க வேண்டும். இரும்புக் குழாயின் மரை துருப்பிடித்துப் பிடிமானம் இல்லாமல் இருந்தது. மரை போட்டு உட்கார வைத்தால் அரை நாள் ஆகும் என்பதால், ஒரு முழம் அளவுக்கு இரும்பை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பிளாஸ்டிக் துண்டை ஒட்டி, அதிலிருந்து கிளை எடுத்தேன். அப்படி இரும்பை வெட்டும்போது இரண்டு முனையையும் ஒரு செம்புக் கம்பியால் சேர்த்துக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் வழியாகக் கரண்ட் போகாது, பச்சை ஒயர் மண்ணோடு சேராமல் அந்தரத்தில் தொங்கும் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வெட்டிய பிறகு இரண்டு முனையையும் இரண்டு கையால் பிடித்து அளவு பார்த்தபோது மணிக்கட்டு வரைக்கும் சுர்ரென்று ஏறியது. கையை உதறிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். கரண்ட் என்பது மச்சான் சமாசாரம், தண்ணீர்தான் நம் சமாசாரம் என்ற எண்ணம் எனக்கு. அதன் பிறகு மெஷினை ஓடவிட்டு, எல்லா இணைப்பிலும் விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. அந்தப் பெருமையோடு வீட்டுக்குப் போனேன்.

பத்து நாள் கழித்து வாத்தியார் வீட்டம்மா எனக்குப் போன் செய்தார். “தம்பி, மெஷின் ஓடுறப்போ குழாயத் திறந்தா கை ஒரு மாதிரி கூசுது” என்றார். ஈரக்கையோடு தொட்டால் அப்படித்தான் இருக்கும், ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு திறங்கள் என்று சொன்னேன். போய்ப் பார்க்கவில்லை. அந்தம்மா “சரி தம்பி” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதன் பிறகு வியாழக்கிழமை மதியம் இரண்டரை மணி இருக்கும். பக்கத்துத் தெருவில் வேலையில் இருந்தபோது வாத்தியார் வீட்டம்மாவுக்குக் குழாயில் கரண்ட் அடித்துவிட்டது என்று கேள்விப்பட்டு ஓடினேன். அந்தம்மாவைக் கூடத்தில் கிடத்தி வாத்தியார் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தார். வலது உள்ளங்கையில் கறுப்பாக ஒரு வட்டம் இருந்தது. வலது காலில் ரப்பர் செருப்பு இருந்தது. இடது கால் செருப்பு குளியலறை வாசலில் கவிழ்ந்து கிடந்தது. அவசரத்தில் ஒன்றைத்தான் மாட்டியிருக்கிறார். செருப்புப் போடச் சொன்னவன் நான் என்பது அந்த இடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆம்புலன்ஸ் வந்து அந்தம்மாவை ஏற்றியது. வாத்தியாரும் அக்கம்பக்கத்தாரும் கூடவே கீழே இறங்கினார்கள். கதவு திறந்தபடி இருந்தது. நான் மெயினை இறக்கிவிட்டு, பையில் இருந்த செம்புக் கம்பியை எடுத்து, வெட்டிய குழாயின் இரண்டு முனையையும் சேர்த்துக் கட்டினேன். புதுக் கம்பி பளிச்சென்று தெரிந்ததால் கரியைத் தடவி மங்கலாக்கினேன். மெயினைத் திரும்ப ஏற்றிவிட்டு, மற்றவர்களோடு கலந்து இறங்கிவிட்டேன். நேற்றுக் காலையிலேயே மின்சார அதிகாரி வந்து பார்த்து, குழாயில் எர்த் சரியாகவே இருக்கிறது, அப்படியானால் கோளாறு சாக்கெட் வேலையில்தான் என்று சொன்னதற்குக் காரணம் நான் கட்டிய அந்தக் கம்பி. அதை வைத்துத்தான் என் மச்சானைக் கூட்டி வந்தார்கள்.

நேற்று முழுவதும் என் மனைவி அடுப்புப் பற்ற வைக்கவில்லை. “அவன் பாத்து பாத்து வேலை செய்றவன், எப்படிங்க இப்படி ஆச்சு” என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தம்மா இன்னும் கண் திறக்கவில்லை என்று மருத்துவமனையிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். இன்று காலை மனைவியிடமும் சொல்லாமல் இங்கே வந்தேன்.

இத்துடன் முடிந்தது, கையெழுத்துப் போடுகிறேன் என்று சொன்னேன். அப்போது எழுதும் ஐயா பேனாவை நிறுத்தாமலேயே, “வேற எந்த வீட்லயாவது இதே மாதிரி வெட்டியிருக்கியா?” என்று கேட்டார்.

கையெழுத்துப் போடப் பேனாவைத் தரும்படி கையை நீட்டினேன். ஐயா மறுபடி கேட்டார்.

அதே கட்டடத்தில் இன்னும் மூன்று வீடுகளில் வெட்டியிருக்கிறேன். ஒரு வீட்டுக்கு மெஷின் வந்தால் அடுத்த வீட்டுக்காரர்களுக்குக் கையால் துவைத்தால் கை வலிக்க ஆரம்பித்துவிடும், மூன்று வாரத்துக்குள் மூன்று பேரும் வாங்கினார்கள். மூன்றிலும் பிளாஸ்டிக் துண்டுதான். ஒன்றிலும் கம்பி கட்டவில்லை. இதை நான் மறக்கவில்லை. மறைக்கத்தான் நினைத்தேன். நேற்றுச் சாயங்காலம் கம்பியோடு போனேன், கட்டடத்துக் காவலாளி உள்ளே விடவில்லை. நாளை ஞாயிற்றுக்கிழமை எதையாவது சொல்லி நுழைந்து, சத்தமில்லாமல் கட்டிவிடலாம், ஒரு வீட்டுக்கு மட்டும் குற்றவாளியாக இருந்துவிட்டுப் போகலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

உடனே ஐயா எழுதுவதை நிறுத்திவிட்டு மூன்று வீட்டுக்கும் போன் செய்யச் சொன்னார். அப்போது மணி பதினொன்று நாற்பது. முதல் மாடி வீட்டில் எடுத்தார்கள், மெயினை இறக்கிவிட்டார்கள். நான்காம் மாடி வீட்டிலும் எடுத்தார்கள், அங்கேயும் குழாய் கூசுவதாகச் சொன்னார்கள். ஐந்தாம் மாடியில் தபால் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் தனியாக இருக்கிறார். அவர் எடுக்கவில்லை. அவருக்குக் காது சரியாகக் கேட்காது. மகள் வெளியூரிலிருந்து வாங்கி அனுப்பிய மெஷின் அது. வாரத்துக்கு ஒரு தடவை, சனிக்கிழமை காலையில்தான் துணி போடுவேன் என்று மாட்டிக் கொடுத்த அன்று என்னிடம் சொன்னார்.

காவலாளிக்குப் போன் செய்து அவனை மேலே அனுப்பினார்கள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறது, கதவுக்குப் பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்கிறது என்று அவன் போனில் சொன்னான். கீழே மீட்டர் அறைப் பூட்டை உடைத்து மொத்தக் கட்டடத்துக்கும் கரண்டை நிறுத்து என்று நான் கத்தினேன். ஐயாவும் அதையே சொன்னார். நிறுத்தினார்கள். காவலாளி திரும்ப மேலே ஏறிப் போய், மெஷின் சத்தம் நின்றுவிட்டது, வேறு சத்தம் எதுவும் இல்லை என்றான். நிலையத்திலிருந்து வண்டி கிளம்பிப் போயிருக்கிறது.

இதுவரை எழுதியதை ஐயா எனக்கு வாசித்துக் காட்டினார். நான் வாயால் சொன்னதுதான் தாளில் இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் பெரியவர் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார்களா என்று கேட்டேன். இப்போதுதான் உடைத்துக்கொண்டிருக்கிறார்கள், நீ முதலில் கையெழுத்தைப் போடு என்று ஐயா சொன்னார்.

(ஒப்பம்)
சனிக்கிழமை, பகல் 12.10