நான்கு மணி மழை

மழை விடைபெறும் நாளிலும் மலர்ந்த முகத்தோடு இந்த அவைக்குத் தலைமை தாங்கும் எங்கள் பூங்காவின் மேலாளர் ஜோவிதா அம்மையார் அவர்களே. நான் தடுமாறினால் நீட்டுவதற்கென்று தண்ணீர் பாட்டிலைக் கையிலேயே வைத்திருக்கும் நண்பர் அத்தாவுல்லா அவர்களே. அவருடைய துணைவியார், மோட்டாரின் முனகலைக் கேட்டே அதன் நோயைச் சொல்லும் சகோதரி ஷம்சாத் அவர்களே. தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி, பஸ் மாறி வந்திருக்கும் பெரியோர்களே. மாடம்பாக்கம் கோயிலிலிருந்து நேராக வந்திருக்கும் தாய்மார்களே. மேடவாக்கத்திலிருந்து அரைநாள் விடுப்பு எடுத்து வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே. உங்கள் அனைவரின் பாதங்களுக்கும் ஜீவரத்தினத்தின் வணக்கம்.

பாதங்களுக்கு என்று நான் சொன்னது பணிவினால் அல்ல. பழக்கத்தினால்.

என்ன சார்? பின்னால் கேட்கவில்லையா? அத்தாவுல்லா பாய், மைக்கை நீங்களே திருப்பிவிடுங்கள். நான் தொட்டால் அது கத்தும்.

இப்போது கேட்கிறதா? நல்லது. இந்த உரையைப் பதினோரு அட்டைகளில் எழுதி, எண்ணிட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். அட்டைகள் இடம் மாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து நடுவில் கைதட்ட வேண்டாம். தட்டினால் எந்த அட்டையில் இருந்தேன் என்பது மறந்துவிடும்.

இந்தப் பூங்காவில் ராட்டினம் உண்டு, ரயில் உண்டு, வழுக்கி விழும் குளம் உண்டு. ஆனால் நீங்கள் எல்லோரும் இன்று வந்து அமர்ந்திருப்பது எங்கே? வேகமாகச் சுற்றாத, உயரே தூக்காத, யாரையும் அலறவைக்காத ஓர் இடத்தின் முன்னால். தகரக் கூரை போட்ட ஒரு வட்ட மண்டபம். கூரைக்கு மேலே துளையிட்ட குழாய்கள். சற்றுத் தள்ளி உயரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதற்குத் தண்ணீர் ஏற்ற ஒரு கீழ்த்தொட்டியும் மோட்டாரும். அவ்வளவுதான் இந்த மழைக்கூடம். தினமும் மாலை நான்கு மணிக்குத் தொட்டியின் வால்வைத் திறந்தால் பத்து நிமிடம் மழை. தகரத்தில் விழுந்து, தாளமாகி, தாழ்வாரமெங்கும் திரையாகித் தொங்கும் மழை. விரும்பினால் நனையலாம். விரும்பாவிட்டால் கூரையின்கீழ் நின்று கேட்கலாம். மே மாத வெயிலில், வேளச்சேரி சாலையின் புழுதியிலிருந்து வந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர்கள் எத்தனை பேர்? கேட்டுக்கொண்டே எந்த ஊருக்கு, எந்த வயதுக்குப் போனீர்கள்? திரும்பி வரும்போது அங்கிருந்து எதைக் கொண்டுவந்தீர்கள்? எனக்குத் தெரியாது. நான் ஒருநாளும் அங்கே நின்றதில்லை.

ஆம் அம்மா, உண்மைதான். முப்பத்தொரு ஆண்டுகள் இந்த மழையைத் திறந்துவிட்டவன் நான். ஒருமுறைகூட அதன்கீழ் நின்றதில்லை.

அதோ, அந்தச் சுவருக்குப் பின்னால்தான் வால்வு அறை. அதற்கு ஜன்னல் கிடையாது. தரையோடு தரையாக ஒரு காற்றுத்துளை மட்டும் உண்டு, இரண்டு செங்கல் அகலத்துக்கு. வால்வின் முன்னால் குந்தி உட்கார்ந்தால், அதன் வழியாக உங்கள் பாதங்கள் தெரியும். பாதங்கள் மட்டும்தான் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் மஞ்சள் பூசிய பாதங்கள். மேடவாக்கத்துப் பிள்ளைகள் ஷூவைக் கழற்றிவிட்டு, சாக்ஸின் தடம் பதிந்த வெளுத்த பாதங்களோடு நிற்பார்கள். கொலுசு, மெட்டி, பித்தவெடிப்பு, மாவுக்கட்டு. மூன்றாவது வரிசையில் பச்சைப் புடவை அணிந்திருக்கும் அம்மா, நீங்கள் இடது காலின் விளிம்பில்தானே எடை போட்டு நிற்பீர்கள்? பார்த்தீர்களா, அம்மா சிரிக்கிறார். உங்கள் முகத்தை இன்றுதான் பார்க்கிறேன். உங்கள் காலை எனக்குப் பன்னிரண்டு வருடமாகத் தெரியும்.

நான்காவது அட்டை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இயற்பியலில் முதுகலை படித்தவன் நான். படித்து முடித்ததும் ஒரு பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. அந்த வேலையில் இருந்தது ஒரே ஒரு நாள். முதல் வகுப்பில் நாற்பது முகங்கள் என்னைப் பார்த்தன. சாக்பீஸை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவன், திரும்பிப் போகவே இல்லை. அதன்பின் முகங்கள் இல்லாத வேலையாகத் தேடினேன். கிடங்கு ஒன்றில் பல வருடம். பிறகு இந்த வால்வு அறை. முகத்துக்கு அஞ்சியவனுக்குப் பாதங்களைக் கொடுத்தது இந்தப் பூங்கா. இதைவிடப் பெரிய கருணை எனக்கு வேறென்ன இருக்க முடியும்?

வேலைக்கு ஒரு முறைமை வைத்திருந்தேன். மூன்று ஐம்பத்தொன்பதுக்கு ஸ்பேனரால் குழாயில் மூன்று தட்டு. நனைய விரும்பாதவர்கள் உள்ளே வந்துவிட வேண்டும் என்பதற்கு அது அறிவிப்பு. பிறகு கைச்சக்கரத்தைக் கால் வட்டம் திருப்பினால் தூறல். எட்டு வரை எண்ணி, இன்னொரு கால் வட்டம், சாரல். மறுபடி எட்டு எண்ணி, மூன்றாவது கால் வட்டம், அடைமழை. அவசரப்பட்டு ஒரேயடியாகத் திருப்பினால் பழைய இணைப்பு பிய்த்துக்கொள்ளும். அதனால்தான் அந்தக் கைச்சக்கரத்தை வால்வில் விட்டுவைப்பதில்லை. கழற்றி மஞ்சள் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவேன். வேறு யாரையும் நம்பாததால் அல்ல. என்னையே நம்பாதவன், கதவைப் பூட்டினேனா என்று ஏழு தடவை திரும்பிப் பார்க்கிறவன், மழையை மட்டும் எப்படித் திறந்துபோட்டுவிட்டு உறங்குவான்?

இதோ, அந்தப் பை. மைக்குக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இதற்குள்தான் இன்றைய மழை இருக்கிறது. இப்போது மணி மூன்று நாற்பத்தொன்று.

இப்படி முறைமை, முறைமை என்று இருப்பவன் செய்யும் பிழை எப்படியிருக்கும்? இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பர் உங்களுக்கு நினைவிருக்கும். முடிச்சூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, மேடான இடம் என்பதால் இந்தப் பூங்காவின் கதவைத் திறந்துவிட்டார்கள். நூறு பேருக்கு மேல் இந்தத் தகரக் கூரையின்கீழ் ஒண்டியிருந்தார்கள். ஓரமாகக் கொடி கட்டி, காயாத போர்வைகளைக் காயப்போட்டிருந்தார்கள். வானம் மூன்று நாளாக விடவில்லை. நான் என்ன செய்தேன்? மூன்று ஐம்பத்தொன்பதுக்கு மூன்று தட்டுத் தட்டி, நான்கு மணிக்கு வால்வைத் திறந்துவிட்டேன்.

சிரியுங்கள், சிரியுங்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை. தாயைத் தோளில் சுமந்துகொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்திருந்த ஒருவர், சொட்டச் சொட்ட வால்வு அறைக்குள் நுழைந்தார்.

"யோவ் பெருசு, மேலேர்ந்து ஊத்துறது பத்தாதுன்னு நீ வேற இன்னாத்துக்குய்யா தொறந்து வுட்ட? நாங்க இன்னா செடியா?"

நான் கடிகாரத்தைக் காட்டி, "மணி நாலுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வெளியே திரும்பி, "யம்மா, மணி நாலாம்மா. அதான் மழையாம்" என்று கத்தினார். தோளிலிருந்து இறக்கி உட்காரவைத்திருந்த அந்தத் தாய்தான் முதலில் சிரித்தார். அப்புறம் கூரை முழுக்கச் சிரித்தது. வீடு போன வெள்ளத்தில், வானத்திலிருந்து ஒரு மழை, குழாயிலிருந்து ஒரு மழை, நடுவிலே நனைந்த சிரிப்பு. அன்று என்னைத் திட்ட வந்தவர்தான் இன்று இந்த மேடையில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கிறார். சேலையூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் அத்தாவுல்லாவும் ஷம்சாத்தும் அந்த வாரத்திலிருந்து எங்கள் மோட்டாருக்கு உறவினர் ஆனார்கள்.

வெள்ளம் வந்த ஊருக்கு வறட்சி வராதா? நான்கு வருடத்தில் வந்தது. தெருவெல்லாம் லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை கட்டிய அந்தக் கோடையில், கீழ்த்தொட்டியில் இருந்ததையெல்லாம் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டோம். மழை நின்றது. ஆனால் நான்கு மணிக்குப் பாதங்கள் நிற்கவில்லை. வந்துகொண்டே இருந்தன. அந்தப் பாதங்களில் ஒரு ஜோடி என் மனைவி ரத்தினபாயுடையது.

அவள் பள்ளி ஆசிரியை. நான் ஓடிவந்த முகங்களை முப்பத்தைந்து வருடம் நேருக்கு நேர் பார்த்தவள். புதன்கிழமைகளில் பள்ளி விட்டதும் நேராக இங்கே வருவாள். காற்றுத்துளைக்கு நேரே, இரண்டாவது தூணருகில் நிற்பாள். பழுப்பு நிறச் செருப்பு. நான் மூன்று தட்டினால், வலது குதிகாலை ஒருமுறை தூக்கி வைப்பாள். கேட்டுவிட்டது என்று அர்த்தம். அது எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த கடிதப் போக்குவரத்து.

தண்ணீர் இல்லாத அந்தக் கோடையில் காற்றுத்துளையருகே குனிந்து சொன்னாள்: "என்னங்க, சும்மா தொறங்க. இத்தனை பேர் நிக்கிறாங்கல்ல."

"தண்ணி இல்லியே ரத்தினபாய்."

"காத்தாவது வரட்டுமே."

மூன்று தட்டினேன். திறந்தேன். வெறும் குழாய்கள் மூச்சுவிட்டன. எங்கோ தொலைவில் மழை பெய்வதுபோல மெல்லிய ஓசை ஒன்று கேட்டது. அத்தனை பாதங்களும் பத்து நிமிடம் அசையவில்லை. வராத மழையை அவ்வளவு வணக்கத்தோடு கேட்ட கூட்டத்தை நான் எந்தக் கோயிலிலும் எந்தத் தேவாலயத்திலும் பார்த்ததில்லை. பார்த்தது பாதங்களைத்தான் என்றாலும் சொல்கிறேன்.

ஒன்பதாவது அட்டை. இதை வீட்டில் ஆறு முறை எழுதிக் கிழித்தேன்.

ஒவ்வொரு புதனும் வீட்டுக்குப் போகும் வழியில் அவள் கேட்பாள். "ஒரு நாள் நீங்களும் வந்து பக்கத்துல நில்லுங்களேன்."

"வால்வை யாரு பாத்துப்பா?"

"வேற யாருக்காச்சும் சொல்லிக்குடுங்க. என்ன, ராக்கெட்டா விடுறீங்க?"

"அடுத்த புதன் பாக்கலாம்."

அடுத்த புதன். அதற்கடுத்த புதன். எத்தனை புதன்கள் ஐயா ஒரு வாழ்க்கையில்? மழைக்கு மணி பார்த்தவன் மனைவிக்கு மணி பார்க்கவில்லை. தூறலுக்கு எட்டு எண்ணத் தெரிந்தவனுக்குத் துணையாக எட்டு அடி நடந்துவரத் தெரியவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால், ஜுரம் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த புதன்கிழமை நான் வேலைக்கு வந்தேன். மூன்று தட்டினேன். இரண்டாவது தூணருகில் யாரும் நிற்கவில்லை. தெரியாதவர்கள்கூட அந்த ஓரடி இடத்தை விட்டுத் தள்ளி நின்றிருந்தீர்கள். நீங்கள் தெரிந்து செய்தீர்களா, தெரியாமல் செய்தீர்களா? இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்காமலே நன்றி சொல்கிறேன்.

வேண்டாம் அம்மா, அழாதீர்கள். எனக்கு இன்னும் இரண்டு அட்டை பாக்கி இருக்கிறது.

நாளை இந்தத் தகரத்தைப் பிரிப்பார்கள். அடுக்குமாடி எழும்பும். எனக்கு அதில் கோபம் இல்லை. அங்கேயும் மனிதர்கள் வருவார்கள், அவர்கள் வீட்டுக் குழாயிலும் தண்ணீர் வரட்டும். எனக்கு இருப்பது ஒரே ஒரு கேள்விதான். நேற்று மாலை சகோதரி ஷம்சாத் வால்வு அறைக்கு வந்து அதைக் கேட்டார்.

"சார், நாளைக்குக் கடைசி மழை. சக்கரத்த எங்கிட்ட குடுங்க. நீங்க போய் நில்லுங்க."

"இணைப்பு பிச்சுக்கும்மா."

"பிச்சுக்குனா இன்னா சார்? நாளான்னைக்கு மொத்தத்தையும்தானே பிரிக்கப் போறாங்க."

நண்பர்களே, முதுகலை இயற்பியலில் இதற்குப் பதில் இல்லை. ஆனாலும் நான், "மேடையில பேசிட்டுச் சொல்றேன்" என்றேன். அதாவது, அடுத்த புதன் என்றேன். வீட்டுக்குப் போன பிறகுதான் அது எனக்கே கேட்டது.

மணி மூன்று ஐம்பத்து மூன்று.

அஞ்சி அஞ்சி ஒருவன் ஒளிந்திருந்தான். அவனைத் தேடி முப்பத்தொரு ஆண்டுகள் பாதங்கள் வந்தன. அவன் துறந்த முகங்கள் எல்லாம் இன்று அவன் முன்னால் அமர்ந்திருக்கின்றன, ஒன்றுகூட அவனைக் கடிக்கவில்லை. இதை அன்றே தெரிந்துகொண்டிருந்தால் அந்தச் சாக்பீஸோடு திரும்பிப் போயிருப்பேனோ என்னவோ. போயிருந்தால் இந்த மழை எனக்குக் கிடைத்திருக்காது. போகட்டும். எஞ்சியிருப்பது பத்து நிமிடம். பத்து நிமிடம் போதாதா? கண் மூடி நின்ற உங்களுக்கெல்லாம் அது போதுமானதாகத்தானே இருந்தது?

ஷம்சாத்தம்மா, இந்தாருங்கள். பையோடு பிடியுங்கள், கனமாக இருக்கும். கால் வட்டம், எட்டு எண்ண வேண்டும். கால் வட்டம், எட்டு எண்ண வேண்டும். சரி, சரி, உங்களுக்குத் தெரியும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பதினோராவது அட்டையில் நன்றி மட்டும்தான் எழுதியிருக்கிறேன். இந்த மேடையைத் தந்த ஜோவிதா அம்மையாருக்கு நன்றி. பாட்டிலைத் திறக்கத் தேவையில்லாமலே பேசி முடிக்க உதவிய அத்தாவுல்லா பாய்க்கு நன்றி. முகம் காட்டிய உங்கள் அனைவருக்கும் நன்றி. வாருங்கள், எல்லோரும் கூரையின்கீழ் போவோம். இரண்டாவது தூணருகில் மட்டும் இருவர் நிற்க இடம் விடுங்கள்.

ஷம்சாத்தம்மா, மூன்று தட்டு தட்டிவிட்டுக் காற்றுத்துளை வழியாகப் பாருங்கள். பட்டை தைத்த பழைய கறுப்புச் செருப்பு ஒன்று தெரியும். வலது குதிகால் ஒருமுறை உயர்ந்து இறங்கும். இறங்கியதும் திறந்துவிடுங்கள்.

வணக்கம்.